செம்பருத்தி காணாமல் போன படம்: கறுப்பு வெள்ளை நிலக்காட்சியும் கையால் தீட்டிய வண்ணமும்

வாசலில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் போதும், இந்த விஷயத்தின் முதல் பாடத்தை அங்கேயே முடித்துவிடலாம். பூவும் இலையும் சேர்ந்து வருகிற மாதிரி கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். பளிச்சென்று சிவந்து நின்ற பூ, இலைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கும். நம் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் முட்டிக்கொள்ளும் நிறங்கள். ஆனால் அந்தப் பூவும் இலையும் திருப்பி அனுப்புகிற வெளிச்சத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பல்.

கறுப்பு வெள்ளையில் வேலை செய்கிறவர் பார்ப்பது இந்த வெளிச்ச அளவைத்தான். புகைப்படக்காரர்கள் இதை டோன் என்பார்கள். தூய கறுப்பில் தொடங்கித் தூய வெள்ளையில் முடிகிற ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியில் இருக்கிற மலை, மரம், தண்ணீர், மேகம் எல்லாம் அதில் ஏதோ ஒரு படியில் நிற்கும். எது எந்தப் படியில் நிற்பது என்பதைக் கேமராவே முடிவு செய்தால் அது பதிவு. ஒரு ஆள் யோசித்து முடிவு செய்தால் அங்கே கலை ஆரம்பிக்கிறது. கலைப் புகைப்படம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இவ்வளவுதான் சொல்வேன். கையால் வண்ணம் தீட்டிய படங்களையும் இதே கோலை வைத்து அளக்க முடியும் என்பதுதான் இதில் சுவாரசியம். ஆனால் அதற்கு முன்னால் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மேகம் இல்லாத வானம்

19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிப் படங்கள் பலவற்றில் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருக்கும். அன்றைக்கு மேகம் இல்லாமல் இல்லை. பிலிமுக்கு முன்னால் புழங்கிய கண்ணாடித் தகடுகளில் பூசிய வெள்ளி உப்புகள் நீல ஒளிக்குத்தான் வேகமாக எதிர்வினை காட்டும்; பச்சைக்கு மந்தம், சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடு. தரையும் மரமும் ஒழுங்காகப் பதிவாகும் வரை காத்திருந்தால், அதற்குள் நீல வானம் அளவுக்கு மிஞ்சிப் பதிவாகி மேகத்தையும் விழுங்கிவிடும். 1873இல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதிவாகும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள தகடுகள் கடைக்கு வர 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

அதுவரைக்கும் என்ன செய்தார்கள்? கையை வைத்தார்கள். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பின்பாதியில் எடுத்த கடல் படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ் (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிவான மூலப் படம்), வானத்துக்கு வேறொரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே பிரிண்டாகப் போட்டார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

இதே காலத்துக் கதை ஒன்று நம் ஊரிலும் இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகட்டிவ்களில் பல கண்ணாடி அல்ல, மெழுகு ஏற்றிய காகிதம். அவற்றின் மேல் அவரே தூரிகையால் நிறமி பூசி மேகங்களை உண்டாக்கினார், மரங்களின் இலைக்கூட்டத்தைச் சரி செய்தார். நெகட்டிவில் எங்கே அடர்த்தியாகப் பூசுகிறோமோ அங்கே ஒளி ஊடுருவாது, பிரிண்டில் அந்த இடம் வெளுப்பாக வரும். மேகம் தயார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவரும் இவர்தான். அரசுக்கு ஆவணம் எடுக்கப் போன மனிதர் வானத்துக்கு மேகம் வரைந்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

ஆக, பழைய படம் என்றால் கலப்படம் இல்லாத உண்மை, கணினி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓவியமா, புகைப்படமா

அப்போது இன்னொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. பொத்தானை அமுக்குவது இயந்திர வேலை, இது எப்படிக் கலையாகும் என்று ஓவிய உலகம் கேட்டது. அதற்குப் பதிலாக ஒரு கூட்டம், புகைப்படத்தை ஓவியம் மாதிரியே செய்து காட்டப் புறப்பட்டது. மங்கலான லென்ஸ், மூடுபனி, சொரசொரப்பான தாள், தூரிகைத் தடம். இந்தப் பாணிக்குப் பிக்டோரியலிசம் என்று பெயர்.

இதன் உச்சம் என்று எட்வர்ட் ஸ்டைகன் 1904இல் நியூயார்க்குக்கு அருகில் மமரோனெக் என்ற இடத்தில் எடுத்த குளத்துப் படத்தைச் சொல்லலாம். மரங்களுக்கு நடுவே நிலா, அதன் கீற்று தண்ணீரில். வண்ணப் படச்சுருள் எதுவும் அப்போது கடையில் கிடையாது. பிளாட்டினம் உப்பு பூசிய தாளில் போட்ட பிரிண்டின் மேல், நிறமி கலந்த கோந்துப் பூச்சை அடுக்கடுக்காகக் கையால் ஏற்றி அந்த நீலப்பச்சை இருட்டைக் கொண்டுவந்தார். பூச்சு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழாது என்பதால் ஒரு பிரிண்ட் மாதிரி இன்னொன்று இல்லை. தெரிந்தவரை மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்று 2006இல் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. புகைப்படம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை.

எதிர்ப்பும் வந்தது. 1932இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலான புகைப்படக்காரர்கள் எஃப் 64 குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். லென்ஸின் துளையை மிகச் சிறியதாக்கும் அளவுதான் அந்த 64. அப்படி வைத்தால் பக்கத்துப் புல்லும் தூரத்து மலையும் ஒருசேரத் தெளிவாக விழும். மங்கல் வேண்டாம், தூரிகை வேண்டாம், புகைப்படம் புகைப்படமாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. சொன்னது அப்படி. ஆனால் ஆடம்ஸ் இருட்டறைக்குள் செய்ததைப் பார்த்தால் கையின் வேலை ஒன்றும் குறையவில்லை, தூரிகை இருந்த இடத்தில் ஒளி வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்த ஒரு தகடு

1927 ஏப்ரல் 10. கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், ஹாப் டோம் என்ற பிரம்மாண்டமான பாறை முகத்துக்கு எதிரே உள்ள விளிம்புக்கு, முதுகில் பெரிய கேமராவும் கண்ணாடித் தகடுகளுமாகப் பனியில் ஏறிப் போனார் 25 வயது ஆடம்ஸ். இடம் சேரும்போது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் பில்டர் போட்டு எடுத்தார். எடுத்த உடனே ஓர் உறுத்தல். பாறை எப்படி இருக்கிறதோ அப்படி வரும். ஆனால் அங்கே நின்றபோது மனதுக்குள் இறங்கிய அந்தக் கனம் வராது. மிச்சம் இருந்த ஒன்றில் அடர் சிவப்பு பில்டரை மாட்டினார். படத்தில் வானம் ஏறக்குறைய கறுப்பாகிவிட்டது. அதன் முன்னால் பாறை செங்குத்தாக எழுந்து நின்றது.

பில்டர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது எளிது. சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை உள்ளே விடும், நீலத்தைத் தடுக்கும். வானம் நீலம், எனவே இருளும். நிழல்களுக்கு வெளிச்சம் தருவதும் பெரும்பாலும் அந்த நீல வானம்தான், எனவே நிழலும் இருளும். மேகம் எல்லா நிறமும் கலந்த வெள்ளை, அதனால் துருத்திக்கொண்டு நிற்கும். மஞ்சள் பில்டர் இதையே மென்மையாகச் செய்யும், பச்சை பில்டர் இலைகளுக்கு வெளுப்பு கூட்டும். உங்கள் செம்பருத்திக்கு இப்போது திரும்பிப் போங்கள். கைப்பேசிச் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி அளவுகோல்கள் இருந்தால் சிவப்பை ஏற்றுங்கள்: பூ வெண்ணிறமாகி இலைகளிலிருந்து வெளியே வரும். இறக்குங்கள்: கறுப்புப் பூ. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் பதில் கிடையாது. எது உங்களுக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆடம்ஸ் இதற்குப் பிற்பாடு விஷுவலைசேஷன் என்று பெயர் வைத்தார்: பொத்தானை அமுக்குவதற்கு முன்பே, முடிந்த பிரிண்ட் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்த்துவிடுவது. அதைத் தற்செயலுக்கு விடாமல் கணக்காக்கத்தான் பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து 1940 வாக்கில் ஸோன் முறையை வகுத்தார். நான் மேலே சொன்ன படிக்கட்டேதான். 0 என்றால் தூய கறுப்பு, 10 என்றால் தாளின் வெள்ளை, நடுவே 5. ஒரு படி ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு.

ஏன் இந்தக் கணக்கு? ஒளிமானிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எதைக் காட்டினாலும் அதை ஐந்தாம் படி என்று எடுத்துக்கொள்ளும். எருமையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும், கொக்கைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும். எருமை எருமையாகவும் கொக்கு கொக்காகவும் வர வேண்டுமென்றால் மானி சொன்னதிலிருந்து இத்தனை படி கீழே, இத்தனை படி மேலே என்று நாம் நகர்த்த வேண்டும். விவரம் தெரிய வேண்டிய நிழலை மூன்றாம் படியில் வை, அதற்குத் தக்க ஒளி கொடு. வெளுப்பான இடங்கள் எவ்வளவு ஏறலாம் என்பதை பிலிமை டெவலப்பர் மருந்தில் வைக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொள். அந்த நேரத்தைக் கூட்டினால் வெளுப்புகள் நன்றாக ஏறும், நிழல்கள் அவ்வளவாக அசையாது. முறையின் சாரம் இவ்வளவே. இதன் மேல் எத்தனையோ அட்டவணை போட்டு மிரட்டுகிறவர்கள் உண்டு. ஆரம்பிக்கிறவருக்கு எருமையும் கொக்கும் போதும்.

ஹெர்னாண்டஸ் கிராமத்து நிலா

ஆடம்ஸ் எடுத்தவற்றில் மிகப் புகழ்பெற்ற படம், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலா எழுவது. 1941 இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, அன்றைய வேலை சரியாக அமையாமல் சாண்டா ஃபே நோக்கிக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையோரம் ஒரு சின்னத் தேவாலயம், இடுகாட்டில் வெள்ளைச் சிலுவைகள், அவற்றின் மேல் கடைசி வெயில், பின்னால் பனிமலை, அதற்கும் மேலே நிலா. காரை நிறுத்திவிட்டுக் கத்திக் கூட வந்தவர்களை விரட்டி முக்காலியும் கேமராவும் ஏற்றினார். ஒளிமானியைக் காணோம். வெயில் சிலுவைகளை விட்டு இறங்கப் போகிறது.

அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது ஓர் எண். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில். நிலாவை ஏழாம் படியில் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். எஃப் 32, ஒரு வினாடி. ஒன்று எடுத்தார். பத்திரத்துக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று பிலிம் சட்டத்தைத் திருப்பினார், சிலுவைகளில் வெயில் அணைந்துவிட்டது. அந்த ஒரே நெகட்டிவ்தான்.

எந்த நாள் என்று குறித்து வைக்கவில்லை மனிதர். வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வானியல் தெரிந்தவர்கள் நிலா நின்ற இடத்தைக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று நேரத்தையே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு இதில் பிடித்த பகுதி, எடுத்த மாலை அல்ல, அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள். இந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். ஆரம்பக் காலத்துப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். வருடம் ஆக ஆக வானத்தை இருட்டிக்கொண்டே போனார். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மருந்தில் மறுபடி நனைத்து அடர்த்தி கூட்டினார். 1970களின் பிரிண்டில் வானம் கரி. ஒரே வினாடியில் விழுந்த ஒளி, ஆனால் இருபது வயதுக்காரன் பாடிய பாட்டும் எழுபதில் அதே ஆள் பாடுவதும் போல வித்தியாசம். இந்த உவமை அவருடைய பேச்சிலேயே உண்டு. பியானோக் கலைஞராக வர வேண்டும் என்று பயின்றவர் அவர். நெகட்டிவ் என்பது எழுதி வைத்த இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்பார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். சாகித்யம் ஒன்றுதான், ஆளாளுக்கு மட்டும் இல்லை, அதே வித்வானுக்கே சபாவுக்குச் சபா வேறு.

சிவப்பு விளக்கின் கீழே

அந்தக் கச்சேரி நடக்கும் மேடைதான் இருட்டறை. ஸ்டூடியோக்களில் சிவப்பு விளக்கு எரிய, திரைக்குப் பின்னால் மருந்து வாசனை அடித்தது ஒரு தலைமுறைக்காவது நினைவிருக்கும். என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, அதன் வழியே கீழே இருக்கும் தாள்மீது ஒளி பாய்ச்சுவார்கள். தாளில் ஒன்றும் தெரியாது. டெவலப்பர் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினால், ஒளி பட்ட வெள்ளி உப்புகள் உலோக வெள்ளியாக மாறி, வெற்றுத் தாளில் மலை எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. அப்புறம் அமிலத் தட்டு, அது டெவலப்பரை நிறுத்தும். அப்புறம் ஹைப்போ, ஒளி படாத உப்புகளைக் கரைத்து எடுத்துவிடும். பிறகு தண்ணீரில் கழுவல். இதில் அவசரப்பட்டால் பத்து வருடத்தில் படம் பழுத்துவிடும்.

ஒளி பாய்ச்சும் அந்தச் சில வினாடிகளில்தான் கலைஞர் புகுந்து விளையாடுவார். கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டால் ஓரிடத்தை மறைத்தால் அங்கே ஒளி குறைந்து படம் வெளுக்கும். நடுவில் ஓட்டை போட்ட அட்டையைப் பிடித்து ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் அங்கே கறுக்கும். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு தெரிந்துவிடும். ஹெர்னாண்டஸ் வானம் கறுத்தது இப்படித்தான். இன்றைக்குக் கணினி மென்பொருளில் டாட்ஜ், பர்ன் என்று இரண்டு கருவிகள் இருக்கின்றனவே, அவற்றின் பூர்வீகம் இந்த அட்டைதான்.

தாளிலும் ரகம் உண்டு. பிளாஸ்டிக் பூச்சு இல்லாத நார்த் தாள் கழுவவும் உலரவும் வெகுநேரம் எடுக்கும்; ஆனால் கறுப்பின் ஆழமும் ஆயுளும் அதில்தான். நம்மூர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் ஒருகாலத்தில் ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) பிராண்டு கறுப்பு வெள்ளைத் தாள் புழங்கியது. 1960இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது அது. ஆலை இப்போது இயங்கவில்லை.

பச்சைப் பட்டு

சரி, கையால் தீட்டிய வண்ணத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆச்சியும் தாத்தாவும் நிற்கிற படம் ஒன்று உண்டு. கன்னத்தில் ரோஜா நிறம், உதட்டில் லேசான சிவப்பு, நகையில் மஞ்சள், புடவை பளீர் பச்சை. பின்னால் திரைச்சீலையில் வரைந்த ஏரியும் மாளிகையும். யாராவது அந்தப் படத்தைப் பாராட்டிவிட்டால் ஆச்சிக்கு மூக்கு விடைக்கும். "அரக்குப் பட்டும்மா அது, கல்யாணப் பட்டு. அந்த ஸ்டூடியோக்காரன் கேட்காம கொள்ளாம பச்சை அடிச்சுட்டான்" என்பாள். கறுப்பு வெள்ளையில் அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பல்; பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? செம்பருத்திப் பிரச்சினையேதான். ஸ்டூடியோவில் கையால் நிறம் தீட்டியது பெரும்பாலும் ஆட்களுக்கு. நிலக்காட்சிதான் திரைச்சீலையாகப் பின்னால் போய் நின்றுகொண்டது.

நிலக்காட்சிக்கே நிறம் தீட்டிய பெரிய மரபு ஒன்று ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தழைத்தது. பெலிச்சே பியாட்டோ என்ற இத்தாலியப் பூர்வீகப் புகைப்படக்காரர் 1863 வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார். முட்டை வெள்ளைக்கருவைப் பூசிய தாளில் போட்ட பிரிண்டுகளுக்கு ஜப்பானியக் கைவினைஞர்களை வைத்து நீர்வண்ணம் தீட்டச் செய்தார். மர அச்சு ஓவியங்களுக்கு நிறம் கொடுத்துப் பழகிய ஊர், கை தானாக வந்தது. அவரிடம் வண்ணம் தீட்டுபவராக இருந்த குசாகாபே கிம்பெய் பிற்பாடு சொந்த ஸ்டூடியோ திறந்து, ஃபுஜி மலை, நிக்கோ கோயில்கள், செர்ரி பூத்த சாலைகள் என்று அரக்குப் பலகை அட்டை போட்ட ஆல்பங்கள் விற்றார். கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களில் நல்லவற்றைப் பார்த்தால் ஒன்று தெரியும்: எல்லா இடத்துக்கும் நிறம் போட மாட்டார்கள். வானத்தின் அடியில் ஒரு விரற்கடை இளஞ்சிவப்பு, ஒரு பெண்ணின் இடைக்கச்சில் சிவப்பு, மற்றபடி சாம்பல் சாம்பலாகவே விடப்பட்டிருக்கும். விட்ட இடம்தான் தொட்ட இடத்தை எடுத்துக் காட்டுகிறது.

அமெரிக்காவில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் வாலஸ் நட்டிங். தேவாலயப் போதகர். உடல்நலம் கெட்டு 1904இல் ஊழியத்தை விட்டுவிட்டுப் புகைப்படத் தொழிலில் இறங்கினார். நியூ இங்கிலாந்து நாட்டுப்புறம்தான் அவர் சரக்கு: பூத்த ஆப்பிள் மரங்கள், வளைந்து போகும் மண்சாலை, பிர்ச் மரங்கள் நிழல் விழும் ஓடை. பிளாட்டினம் தாளில் பிரிண்ட் போட்டு, இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுவார்கள். முதலில் ஒரு மாதிரிப் படம் தீட்டி நட்டிங் ஒப்புதல் கொடுப்பார், அதைப் பார்த்து மற்றவை. உச்சத்தில் சுமார் 200 பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். ஒரு கோடிப் படங்கள் விற்றதாக அவரே சொல்லிக்கொண்டார். படத்தின் அடியில் பென்சிலில் இருக்கும் 'வாலஸ் நட்டிங்' கையெழுத்தையும் பெரும்பாலும் அந்தப் பெண்களே போட்டார்கள்.

என் ருசிக்கு நட்டிங்கின் வசந்தம் கொஞ்சம் தித்திப்பு அதிகம். ஒரு பூக்கூடச் சோர்ந்திருக்காது, சாலையில் சேறு இருக்காது. நகரத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது போலும், திருமணப் பரிசாக வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். கலையா, வியாபாரமா என்று அடித்துக்கொள்வதைவிட, ஒரே நெகட்டிவின் இரண்டு பிரிண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு பெண் ஓடைக்கு நீலம் ஏற்றியிருப்பாள், இன்னொருத்தி பழுப்பாகவே விட்டிருப்பாள். பெயர் தெரியாத இருவரின் கை அங்கே இருக்கிறது.

நிறம் எப்படி உட்காருகிறது

சாதாரண ஓவியத்தில் ஒளியும் நிழலும் வண்ணத்தால்தான் வர வேண்டும். இங்கே அதையெல்லாம் வெள்ளி ஏற்கெனவே செய்துவிட்டது. மரத்தின் உருட்சி, பாறையின் வெடிப்பு, தண்ணீரின் மினுக்கல் எல்லாம் சாம்பலில் தயாராக இருக்கிறது. வண்ணம் அதன் மேல் போர்த்தும் மெல்லிய மல் துணி மாதிரி, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். எனவே ஊடே பார்க்க முடிகிற வண்ணங்கள்தான் வேலைக்கு ஆகும். அமெரிக்காவில் மார்ஷல் என்ற பெயரில் வந்த புகைப்பட எண்ணெய் வண்ணங்கள் இதற்கென்றே செய்தவை. பஞ்சை ஈர்க்குச்சியில் சுற்றி, துளி வண்ணம் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்து, வேறு பஞ்சால் மிச்சத்தைத் துடைத்துவிடுவார்கள். எண்ணெய் மெல்லத்தான் உலரும், தவறினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

தாள் மினுமினுப்பாக இருந்தால் வண்ணம் பிடிக்காமல் வழுக்கும். மேட் தாள் வேண்டும். பிரிண்டும் வழக்கத்தைவிட ஒரு பிடி வெளுப்பாக இருக்க வேண்டும், கறுப்பின் மேல் எந்த நிறமும் ஏறாதே. பலர் முதலில் பிரிண்டை செப்பியா பழுப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். குளிர்ந்த சாம்பலின் மேல் தீட்டிய பச்சை செத்துப்போய்த் தெரியும், வெதுவெதுப்பான பழுப்பின் மேல் உயிரோடு இருக்கும்.

ராஜஸ்தானில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இருந்தது. ஊடுருவாத கெட்டி வண்ணத்தால் புகைப்படத்தை ஏறக்குறைய முழுதாக மூடிவிடுவார்கள், அடியில் புகைப்படம் இருப்பதே தெரியாது. அழகுதான், ஆனால் அங்கே டோனின் ஆட்சி முடிந்து ஓவியத்தின் ஆட்சி தொடங்கிவிடுகிறது.

பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் அது கையால் தீட்டியதா, அச்சில் வந்த நிறமா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அச்சு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். கையால் தீட்டியது என்றால் நிறம் எல்லையைத் தாண்டி எங்காவது வழிந்திருக்கும், இலை விளிம்பில் பச்சை வானத்துக்குள் கசிந்திருக்கும். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வண்ணம் பூசிய இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். ஆழ்ந்த நிழல்களில் நிறமே இருக்காது.

எதற்கு இந்த விலை

நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரிண்டும் போடலாமே, அப்புறம் எதற்கு லட்சக்கணக்கில் விலை என்பது நியாயமான கேள்வி. ஹெர்னாண்டஸ் நிலாவின் ஒரு பிரிண்ட் 2006இல் 6 லட்சம் டாலருக்கு மேல் போனது, 1,300 அண்ணன் தம்பிகள் இருந்தும். வாங்குபவர்கள் பார்ப்பது யார் போட்ட பிரிண்ட், எப்போது போட்டது என்பதை. படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள் கலைஞரே போட்ட பிரிண்டுக்கு வின்டேஜ் என்று தனி மதிப்பு. இத்தனைக்கு மேல் போட மாட்டேன் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. எட்வர்ட் வெஸ்டனின் மகன் பிரெட் வெஸ்டன் இதில் ஒரு படி மேலே போனார். மணல்மேடுகளையும் கடற்கரையையும் எடுத்துப் பேர் வாங்கியவர். 1991இல் தம் 80ஆவது பிறந்தநாளன்று நெகட்டிவ்களை அடுப்பில் போட்டு எரித்தார், சிலவற்றைத் தவிர. தம் கை படாமல் தம் படம் இன்னொரு பிரிண்டாக வரக் கூடாது என்பது அவர் பிடிவாதம். சரியா, தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் காரணம் புரிகிறது.

இந்த மரபு செத்துவிடவும் இல்லை. இங்கிலாந்துக்காரரான மைக்கேல் கென்னா ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனிவெளியில் ஒற்றை மரத்தை பிலிமில் எடுத்து, இருட்டறையில் தாமே பிரிண்ட் போடுகிறார். அளவு ஏறக்குறைய ஒரு சாண் சதுரம். சுவர் முழுக்க நிறைக்கும் படங்களின் காலத்தில் கிட்டே வா என்று கூப்பிடும் அளவு அது.

செய்து பார்க்க ஆசை வந்தால் இருட்டறை கட்ட வேண்டியதில்லை. கண்மாயோ கடலோ வயலோ, சாய்வெயிலில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, பில்டர் அளவுகோல்களை நகர்த்தி, எது எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, மினுக்கல் இல்லாத கெட்டித் தாளில் இரண்டு மூன்று பிரதி எடுங்கள். சாதாரணக் கடையில் அச்சிட்ட மை ஈரத்தில் கலங்கும், எனவே நீர்வண்ணம் வேண்டாம்; வண்ணப் பென்சிலைச் சீவி அந்தத் தூளைப் பஞ்சால் தேயுங்கள். முதலில் வானம், மேலிருந்து கீழே, பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு. அடர்ந்த நிழலைத் தொடாதீர்கள். முதல் பிரதியில் எல்லாவற்றுக்கும் நிறம் அடித்து அழுக்காக்குவீர்கள், அடிக்காதவர்கள் இல்லை. இரண்டாவதில் வானத்துக்கும் தண்ணீருக்கும் மட்டும். மூன்றாவதைத் தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு கெடுத்திருக்கிறோம் என்று பார்க்க. நான் முதலில் செய்த படத்தில் கண்மாய்த் தண்ணீர் சோப்பு நிறத்தில் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆச்சிக்குப் பச்சை அடிச்சவனுக்கு நீ சொந்தமாடா?" என்றாள்.